கருஞ்சீரகம் போட்ட கச்சாயம்

ஆகஸ்ட் 5

என் கணவர் சென்னியப்பன் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று தினமும் எழுதிவைக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நோட்டைக் கையில் திணித்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். சரி, எழுதுவோம். காலை கஞ்சி 150 மில்லி. மதியம் பாதி இளநீர். சாயந்திரம் கஞ்சியைத் தட்டிவிட்டார்.

தொண்டையில் கட்டி. இன்று முதல் கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏழு வாரம் ஆகுமாம். காங்கேயத்திலிருந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் கோயம்புத்தூர், அங்கே இல்லாத ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். சென்னைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ராயப்பேட்டையில் இந்த ஒண்டுக்குடித்தனத்தை வாடகைக்குப் பிடித்து வந்து சேர்ந்தோம்.

ஏன் சென்னை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வருகிறது. "இந்து இந்த ஊர்லதான் இருக்காளாமா. போறதுக்குள்ள ஒருக்காப் பாக்கோணும். நீ கண்டுபுடி புள்ள" என்றார்.

இந்துமதி எங்கள் மகள். மூன்று வருடமாக வீட்டில் யாரும் வாயால் சொல்லாத பெயர். காலனிப் பையன் அறிவழகனைக் கட்டிக்கொண்டு போன மறுநாளே, அவள் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினான் என் மகன் லோகு. இவர் மொட்டை போட்டுக் கருமாதியே செய்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதிச் சோறு ஆக்கிய கை இது. அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு அவள் பெயரைச் சொல்கிறார். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆகஸ்ட் 9

கஞ்சி 200, மோர் 100. காய்ச்சல் இல்லை.

எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அறிவழகன் படம் வரைகிறவன், நாடகம் கண்காட்சி என்று திரிகிற கூட்டத்தோடு இருக்கிறான் என்று ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டம் எங்கே இருக்கும் என்று யாரைப் போய்க் கேட்பது? நல்லவேளை, மொட்டைமாடி அறையில் பிரிசில்லா என்று ஒரு பெண் இருக்கிறாள். சின்ன நாடகங்களுக்கு லைட் போடுகிறவள். தலையில் பாதிக்குத்தான் முடி வைத்திருக்கிறாள். எனக்குப் பொழுது போகவில்லை, நீ போகிற இடத்துக்கு என்னையும் கூட்டிப் போ என்றேன். "வாங்க ஆன்ட்டி, செமயா இருக்கும்" என்றாள்.

பழைய அச்சாபீஸ் ஒன்றில் நாடகம். நாற்காலி கிடையாது. முப்பது பேர் தரையில் உட்கார்ந்து, ஒருத்தன் ஒரு மணி நேரம் அழுவதை டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்த்தோம். எங்கள் ஊரில் இதற்கு எழவு வீட்டுக்குப் போனால் போதும், காப்பியும் தருவார்கள். ஆனால் பாதியில் என்னை அறியாமல் நானும் மூக்கைச் சிந்தினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு விஷயம் விசித்திரமாக இருந்தது. பத்துப் பேராவது என்னிடம் வந்து பேசினார்கள், ஒருவர்கூட எந்த ஊர் என்று கேட்கவில்லை. பிரிசில்லாவிடம் சொன்னேன். "ஊர் கேட்டா அடுத்து தெரு கேக்கணும் ஆன்ட்டி. அப்புறம் நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்கணும். அதான் இங்க யாரும் யாரையும் ஊரே கேக்கறதில்ல" என்றாள்.

ஆகஸ்ட் 12

கஞ்சி 200. எல்லாம் வாந்தி.

ஆகஸ்ட் 17

பெசன்ட் நகரில் ஒரு பழைய வீடு. வாசலிலிருந்து புழக்கடை வரை கடை போட்டிருந்தார்கள். தாங்களே எழுதித் தாங்களே தைத்த குட்டிப் புத்தகங்கள், துணியில் அச்சடித்த மீன்கள், வரகு முறுக்கு, நெத்திலிக் கருவாட்டு சாண்ட்விச், மாட்டுக்கறிச் சுக்கா. சுக்காக் கடைக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். மாமரத்தடியில் ஒரு பெண் பறையடிக்க, வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தார். முதலில் சண்டை போல இருந்தது, கேட்கக் கேட்கப் பிடித்துப்போயிற்று. இந்த ஊரில் இப்படியும் ஒரு ஊர் இருப்பது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது.

ஒரு மேசையில் கச்சாயம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பலகாரம். அரிசியையும் வெல்லத்தையும் சேர்த்து ஆட்டி எண்ணெயில் சுடுவது. சென்னையில் எவள் சுடப்போகிறாள் என்று ஒன்றை வாங்கிக் கடித்தேன். கடித்த கச்சாயத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கச்சாயத்துக்கு எள்ளுதான் போடுவார்கள். ஒரு தீபாவளிக்கு எள்ளு என்று நினைத்து அவசரத்தில் கருஞ்சீரகத்தைக் கொட்டிவிட்டேன். இரண்டும் கறுப்பு, டப்பாவும் ஒரே மாதிரி. வீட்டில் எல்லோரும் தூ தூ என்று துப்பினார்கள். இந்து மட்டும் அதைத்தான் தின்றாள், ஆறு வயது அப்போது. அந்தக் கசப்பு நல்லாயிருக்கிறது என்றாள். அதிலிருந்து தீபாவளிக்கு இரண்டு ஈடு சுடுவேன், எள்ளு போட்டது ஊருக்கு, கருஞ்சீரகம் போட்டது அவளுக்கு. உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்து அதையே பழக்கமாக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மேசையில் இருந்த பெண் இது ‘பொதுப்பந்தி’யில் சுட்டது என்றாள். சனிக்கிழமை மதியம் மட்டும் நடக்கிற சமையல்கூடமாம். முன்கூட்டியே பெயர் கொடுக்கிறவர்களுக்குத்தான் முகவரி அனுப்புவார்கள். பிரிசில்லா எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்தாள். முகவரியை யாரிடமும் சொல்லக் கூடாது, அதுதான் அங்கே ஒரே கட்டுப்பாடு என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 23

கார் நிறுத்துகிற ஷெட்டு ஒன்று. ███ தெரு. நீளமாக ஒரே மேசை, இருபது பேர். சுவர் முழுக்கக் கரியில் வரைந்த படங்கள், எல்லாமே சாப்பிடுகிற வாய்கள். அறிவழகன் வரைந்தவை. யார் பக்கத்தில் வேண்டுமானாலும் யாரும் உட்காரலாம், சாப்பிட்டதும் அவரவர் தட்டையும் பக்கத்து ஆள் தட்டையும் கழுவி வைக்க வேண்டும்.

அரிசியும்பருப்பும் வாளியைத் தூக்கிக்கொண்டு இந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். கரண்டி ஒரு நொடி நின்றது, பிறகு பக்கத்து ஆளுக்குப் போடுகிற மாதிரியே எனக்கும் போட்டுவிட்டு நகர்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் கம்மி. எப்போதும் அவளுக்கு உப்பு கம்மிதான்.

கூட்டம் கலைந்த பிறகு தொட்டியடியில் வந்து நின்றாள். அப்பாவுக்கு எப்படி என்று கேட்டாள், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றேன். வெகுநேரம் ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வாம்மா. எப்ப வேணாலும் வா. அவங்க வேண்டாம்" என்றாள். பிறகு, நான் இங்கே வந்தது யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன். அப்போது அது நிஜம்தான்.

வாசல் வரைக்கும் கூட வந்தாள். சின்ன வயதிலிருந்தே நான் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினால் அவளுக்கு ஆகாது. "வர்றேன் சாமி" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 24

இவரிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? சாகக் கிடக்கிற தகப்பன். தெரு, ஷெட்டு, கரிப்படம் எல்லாவற்றையும் சொன்னேன். லோகுவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம், அவன் கோபம் இன்னும் ஆறவில்லை என்றேன். தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. என் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தி மூன்று வருடத்தில் இப்படிச் செய்தவரில்லை.

கஞ்சி 250. கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆகஸ்ட் 30

மறுபடியும் போனேன். இந்தத் தடவை கொள்ளு கடைய என்னை விட்டார்கள். அறிவழகன் என்னை அத்தை என்று கூப்பிட்டான். மருமகனை அழைக்கிற மரியாதையில் நானும் "என்னங்க" என்றேன். பையனுக்கு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அடுத்த மாதம் இருபதாம் தேதி பொதுப்பந்தி தொடங்கி ஒரு வருடமாகிறது. அன்றைக்கு மூன்று சுவரிலும் புதுப் படங்கள், நூறு பேருக்குச் சாப்பாடு. கச்சாயம் என் பொறுப்பு என்று இந்து சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 3

தொண்டை புண்ணாகிவிட்டது, எச்சில் விழுங்கவே துடிக்கிறார். பால் 100, அவ்வளவுதான். அப்படியும் இந்துவைப் பற்றிக் கேட்டு மாளவில்லை. ஷெட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாள், வண்டியில் போவாளா நடந்தா, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாள், அவன் கூடவே இருப்பானா. தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பாவம், படுத்த இடத்திலிருந்து மனதுக்குள்ளேயே அவளோடு நடந்து போய்வருகிறார்.

செப்டம்பர் 9

இன்று எங்கும் போகவில்லை. மாவு ஆட்டினேன். பால் 150.

செப்டம்பர் 10

நேற்று எழுதியது பொய்.

இந்துவுக்குக் கொஞ்சம் இட்லிப்பொடி கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பிப் போயிருந்தேன். தெருமுனை ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கார் ஒன்று நின்றிருந்தது. பின் கண்ணாடியில் எங்கள் குலசாமி பெயர். உள்ளே லோகுவும், எனக்குத் தெரியாத இரண்டு பேரும். ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில்தான் போன் பண்ணி மில்லில் இருக்கிறேன் அம்மா, தேங்காய் லோடு ஏறுகிறது என்று சொல்லியிருந்தான்.

இட்லிப்பொடியோடு திரும்பி வந்து மாவு ஆட்டினேன். இதற்குள் மூளையை விடக் கூடாது என்று மாவு ஆட்டினேன்.

செப்டம்பர் 11

எவ்வளவு ஆட்டினாலும் அது வந்துவிட்டது. சாகிற தகப்பனுக்கு மகளைப் பார்க்க ஆசை என்றால் எப்படி இருக்கிறாள் என்று கேட்பான். எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாள் என்று எதற்குக் கேட்க வேண்டும்?

கஞ்சி ஊற்றும்போது கேட்டேன். லோகு எதற்கு வந்திருக்கிறான், நான் சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கருமாதி பண்ணியும் அவ இருக்காளே புள்ள. ஊர்ல ஒவ்வொருத்தனும் அதச் சொல்லிச் சிரிக்கறான். நான் போறதுக்குள்ள முடியோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. தேங்காய் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். சனிக்கிழமை, ஷெட்டைப் பூட்டிய பிறகு என்றார். அன்றைக்கு நெஞ்சில் என் கையை வைத்து அழுதாரே, அந்த அழுகை பொய் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

மீதிக் கஞ்சியை ஊட்டிவிட்டேன். வாயைத் துடைத்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 12

காலையில் அவர் கரண்டுக்கு உள்ளே போனதும், வீட்டுக்கு ஓடிவந்து பிரிசில்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். உடனே ஹெல்மெட்டை எடுத்தாள். பின்சந்து வழியாக ஷெட்டுக்குள் போனோம்.

நாளைய சமையலுக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. அறிவழகன் ஏணிமேல் நின்று புதுச் சுவரில் வரைந்துகொண்டிருந்தான். இந்துவிடம் சொன்னேன். இன்றைக்கே கிளம்புங்கள், சனிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்றேன். அவள் அழவில்லை.

"நீயா சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

"நானேதான்" என்றேன்.

போலீசுக்குப் போகலாமே என்றேன். மூன்று வருடத்துக்கு முன் போனோம், அங்கிருந்து முதல் போன் அண்ணனுக்குத்தான் போனது என்றாள். பிறகு ஊறிய அரிசியை வடித்து ஒரு துணியில் கொட்டி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அறிவழகன் ஏணியை விட்டு இறங்கிக் கையைக் கழுவினான். அந்தச் சுவரில் பாதி வாய்தான் வரைந்திருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அச்சாபீசில் அழுதானே, அவன், பறையடித்த பெண், சுக்காக் கடைக்காரர். யாரும் எதையும் கேட்கவில்லை. நாடகச் சாமான் ஏற்றுகிற வேன் பின்சந்தில் வந்து நின்றது. லைட் பெட்டிகளுக்கு நடுவில் என் மகளும் மருமகனும் உட்கார வேண்டும்.

எங்கே போகிறோம் என்று இந்து சொல்ல வாயெடுத்தாள். அவள் வாயைப் பொத்தினேன். "எனக்குச் சொல்லாத சாமி. நான் யாருகிட்டயாவது சொல்லிப்போடுவேன்" என்றேன்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக்கொள்வேன் என்று காத்திருந்தாள், சின்னப் பிள்ளையில் நின்ற மாதிரியே. வருகிறேன் என்று சொன்னால் நான் வர வேண்டும். நான் வந்தால் என் பின்னாலேயே அவர்களும் வருவார்கள். எழவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். நான் திரும்பி நடந்தேன். அவளுக்குப் புரிந்திருக்கும். புரியாமல் போனாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும்.

ஆகஸ்ட் 23இல் எழுதிய தெருப் பெயரை மையால் அடித்துவிட்டேன். இனிமேல் அடித்து என்ன.

கஞ்சி 150.

செப்டம்பர் 14

லோகு வந்தான். இப்போதுதான் ஊரிலிருந்து வருகிற மாதிரி ஆப்பிள் பையோடு வந்தான். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் போனைக் கேட்டான், கொடுத்தேன். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். இந்த நோட்டையும் எடுத்தான். முதல் பக்கத்தில் கஞ்சி 150 என்று இருந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் வீசினான்.

"நீதானேம்மா?" என்றான்.

"சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டேன். மூன்று இட்லி வைத்தேன். சாப்பிட்டான். நான் பெற்றதுதானே அதுவும்.

செப்டம்பர் 20

இன்றைக்குத்தான் நூறு பேருக்குச் சாப்பாடு என்றிருந்தார்கள். பால் 200.

செப்டம்பர் 22

கடைசிக் கரண்ட். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கட்டி இருந்த இடமே தெரியவில்லை, ஐயாவுக்கு இன்னும் நல்ல ஆயுசு இருக்கிறது என்று தோளில் தட்டினார். நான் வேண்டாத கோயில் இல்லை, வைக்காத விளக்கு இல்லை. எல்லாச் சாமிக்கும் காது கேட்டிருக்கிறது.

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்து, அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்றாள்.

செப்டம்பர் 24

வீட்டைக் காலி செய்தோம். பிரிசில்லா மாடிப்படி வரை வந்து கட்டிப்பிடித்தாள். காதோடு, நல்லா இருக்காங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அவ்வளவுதான் எனக்கும் வேண்டும். போய்வருகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டேன்.

லோகு வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகக் காரை விட்டான். ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். ஒரு சுவரில் மட்டும் பாதி வாய் இன்னும் தெரிந்தது.

அக்டோபர் 19, காங்கேயம்

நாளைக்குத் தீபாவளி. நாக்கில் ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது அவருக்கு. குரலும் பாதி வந்துவிட்டது. காலையில் தின்பண்டத்துக்கு ஏங்குகிற பிள்ளை மாதிரி அடுப்படிக்கு வந்து, கச்சாயம் சுடு என்றார்.

ஒரே ஈடுதான் சுட்டேன். வாய் வறட்சி என்பதால் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் மென்றார். நிறுத்தினார்.

"கசக்குது" என்றார்.

"எள்ளு டப்பான்னு நெனச்சுக் கருஞ்சீரகத்த எடுத்துட்டனுங்க" என்றேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைக்கவில்லை, பார்வையையும் இறக்கவில்லை.

"அவ எங்க போனா? உனக்குத் தெரியும்" என்றார்.

"அவ செத்து மூணு வருசம் ஆச்சுங்களே. நீங்கதானே மொட்டை போட்டுக் கருமாதி பண்ணுனீங்க. சோறுகூட நாந்தான் ஆக்குனேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டார்.

பால் 100. கச்சாயம் ஒரு வாய். மீதி எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து தின்றேன்.